கமக்காரரும் வன்னி நரியும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளிலே, குளங்களை அண்டிய காடுகளிலும் வயலோரப் பற்றைகளிலும் வாழும் நரியின் ஊளையைக் கேளாத கமக்காரர் இலர். பொழுது பட்டதும் ஒன்று தொடங்க, அயலிலுள்ளவை மறுமொழி கொடுக்கும். இரண்டு மூன்று நரிகளின் குரலே பெருங்கூட்டம் போல ஒலிப்பதுமுண்டு.

நரி என்னும் பெயர் பல விலங்குகளுக்கு வழங்குகின்றது. தமிழ்நாட்டு வெளிகளிலே காணப்படும் குள்ளநரி 2 முதல் 4 கிலோகிராம் நிறையுள்ள சிறு விலங்கு. அது இலங்கையில் இல்லை. இமயச் சாரலிலும் ஐரோப்பாவிலும் வாழும் செந்நரி அதன் இனத்தது. வன்னி நரியோ குள்ளநரியிற் பெரியது. நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவுடையது. விலங்கியலார் இதனைக் கானிஸ் ஓரியஸ் நாரியா என்பர். இலங்கைக் காடுகளில் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு இஃதொன்றே. ஆணும் பெண்ணும் இணைபிரியாது வாழ்ந்து, ஏறக்குறைய 9 கிழமைச் சினைக்குப் பின் வளையிலே குட்டி ஈனும். முந்திய ஈற்றுக் குட்டிகள் சில உடனிருந்து இளையவற்றைப் பேணுவதுமுண்டு.

இதன் உணவே கமக்காரர் கவனிக்கத்தக்கது. வயலெலி, நண்டு, பூச்சி, பல்லி, செத்த விலங்கு, இலந்தைப்பழம் ஆகிய யாவும் இதற்கு இரையாகும். எலியின் சினைக்காலம் 3 கிழமை அளவே. ஆதலாற் கதிர் முற்றுமுன் அது பல்கிவிடும். நெல்லை அழிப்பதோடு எலிக்காய்ச்சலையும் பரப்பும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் அந்நோய்க்கு ஆளாயினர் எனக் கணிக்கப்பட்டது. இரவுதோறும் வரம்பு வழியே எலி தேடித் திரியும் நரிக்குக் கூலி கொடுப்பார் இல்லை.

நரியால் நட்டமே இல்லையெனக் கூறுதல் பொய்யாகும். கோழியையும் ஆட்டுக்குட்டியையும் கவரும். வத்தகப்பழத்தையும் சோளத்தையும் கடிக்கும். ஆயினும் தோட்டத்திற் சேதங் கண்டவுடன் பழியை நரிமேற் சுமத்தாது அடிச்சுவட்டை நோக்குக. மண் கிளறப்பட்டுப் பிளந்த குளம்படி காணப்படின் அது பன்றியின் வேலை. நாயடி போன்று சற்று நீண்டு ஒடுங்கியிருப்பின் நரியெனக் கொள்ளலாம். கோழியையும் குட்டியையும் இரவிலே கம்பிவலைக் கூட்டில் அடைத்தலும், செத்த கால்நடையை ஆழப் புதைத்தலும் போதிய காவலாகும்.

நரியின் தலையில் முளைக்கும் நரிக்கொம்பு வழக்கில் வெற்றி தருமென்ற நம்பிக்கையை எமேர்சன் ரெனன்ற் 1861இல் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். வழக்கை வெல்லுவது உறுதியும் சாட்சியுமே; நரியின் மண்டையன்று.

இறைச்சியில் நஞ்சு கலந்து வைத்தல் பெருங்கேடு. அதனை ஊர் நாயும் உண்ணும். எலிநஞ்சு இட நேர்ந்தால், செத்த எலிகளை விடியலிலே பொறுக்கிப் புதைத்தல் வேண்டும். அன்றேல் அவற்றைத் தின்னும் நரியும் ஆந்தையும் மடியும். வரம்புகளைக் குறுக்கித் தாழ்த்திப் புல் செருக்கி வைப்பின் எலி வளை குறையும். அயல் வயலார் ஒரே காலத்தில் விதைப்பின் இன்னும் நன்று.

பட்டப்பகலில் அச்சமின்றி ஊருக்குள் வந்து எதிர்ப்பட்டதைக் கடிக்கும் நரி விசர் கொண்டதாயிருக்கலாம்; அதனை நெருங்கலாகாது. கடியுண்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே 15 நிமிடம் கழுவி, அன்றே அரசினர் ஆஸ்பத்திரியை அடைக. காயம் சிறிதென்று தாமதித்தல் உயிருக்கு ஆபத்து. வளர்ப்பு நாய்களுக்கு ஆண்டுதோறும் விசர்த் தடுப்பூசி ஏற்றுவிக்க.