காலை ஊன்றினால் ஆபத்து! காடு மேடெல்லாம் ஓடும் நாலு சக்கர பைக்

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் மதுரை ரோட்டுக்கு ஓய்வே கிடையாது.

ராஜபாளையம் தாண்டி, சிவகிரி தாண்டி, வாசுதேவநல்லூர் தாண்டி புளியங்குடிக்கு வரும்போது மேற்கே மலை தெரியும். மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருக்கும். "சாரல்! சாரல்!" என்று காருக்குள் குழந்தைகள் கூச்சல் போடும். கார் நிற்காது. கடையநல்லூர், தென்காசி என்று ஓடி, குற்றாலத்தில் போய்த்தான் நிற்கும்.

போன இடத்தில் என்ன ஆகும்?

சில நாள் ஆனந்தமான குளியல். சில நாள் அருவியில் வெள்ளம். போலீசார் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள், தேய்த்த எண்ணெயோடு லாட்ஜுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"வேறு எங்கேயாவது போகலாம் அப்பா" என்று பையன் நச்சரிப்பான். அவன் மனதில் இருப்பது என்ன? ஊட்டிக்குப் போய் வந்த கூட்டாளி, செல்போனில் ஒரு படம் காட்டியிருக்கிறான். பூசணிக்காய் மாதிரி நாலு குண்டு டயர். நடுவில் மோட்டார் சைக்கிள் சீட். அதன் மேல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பது அந்தக் கூட்டாளி!

அந்த வண்டிக்கு 'ஏ.டி.வி.' என்று பெயர். எந்தத் தரையிலும் ஓடும் வண்டி என்று அர்த்தம். 'குவாட் பைக்' என்றும் சொல்வார்கள். குவாட் என்றால் நாலு.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற ஊர்களில் இந்த வண்டியைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஒரு வேலிக்குள், மண்ணைக் குவித்து மேடு பள்ளம் செய்து, சில சுற்று ஓடவிடுவார்கள். நியூசிலாந்து போன்ற நாடுகளில் அப்படி அல்ல. வழிகாட்டி ஒருவர் முன்னே போக, பயணிகள் வரிசையாகப் பின்னே போக, ஆட்டுப் பண்ணை, ஓடை, மலைச்சரிவு என்று கிராமத்துக்குள் மணிக்கணக்கில் சவாரி நடக்கிறது.

மூன்று சக்கரத்தில் பிறந்தது

இந்த வண்டி பிறந்த கதை சுவையானது.

அமெரிக்காவில் குளிர்காலத்தில் பனி கொட்டும். மோட்டார் சைக்கிள் வாங்க ஆள் வராது. "குளிர்காலத்திலும் விற்கும்படி ஏதாவது செய்து கொடுங்கள்" என்று அங்குள்ள வியாபாரிகள் ஹோண்டா கம்பெனியிடம் கேட்டார்கள். ஜப்பானில் தகேயுச்சி என்ற என்ஜினீயர் உட்கார்ந்து யோசித்தார். பல விதமாகச் சக்கரம் வைத்துப் பார்த்தார். பனியிலும் சேற்றிலும் நன்றாக ஓடியது மூன்று சக்கர வண்டிதான். 1970-ம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. விலை 595 டாலர்.

அடுத்த ஆண்டே சினிமாவிலும் தலை காட்டிவிட்டது. 1971-ல் வந்த ஜேம்ஸ்பாண்டு படம் ஒன்றில் கதாநாயகன் இந்த வண்டியில் ஏறித் தப்பி ஓடுகிறார். கேட்க வேண்டுமா? வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று.

விவசாயிகளுக்கும் வண்டி பிடித்துப் போயிற்று. வேலி பார்க்க, ஆடு மாடு ஓட்ட, தீவன மூட்டை ஏற்ற அதைப் பயன்படுத்தினார்கள்.

டயரில்தான் சூட்சுமம். கார் டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். இதற்கு ஏறக்குறைய 5 பவுண்டு போதும். டயர் தொளதொளவென்று இருக்கும். கல்லின் மேல் ஏறினால் கல்லைக் கட்டிக்கொள்ளும். சேற்றில் இறங்கினால் பரந்து உட்காரும். அதனால் புதையாது.

குழந்தைகள் பலி

மூன்று சக்கரத்துக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. திருப்பத்தில் கவிழ்ந்துவிடும்!

விளையாட்டு வண்டி என்று நினைத்துப் பெற்றோர் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர் சிறுமியர் ஏராளம். அரசாங்கம் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டது. 1988-ம் ஆண்டில் கோர்ட்டில் உடன்பாடு ஏற்பட்டது. புதிய மூன்று சக்கர வண்டி விற்பது நின்றது. பெரியவர்களுக்கான வண்டியை 16 வயது நிரம்பாதவர்கள் ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கையும் வந்தது.

அதற்குள் நாலு சக்கர வண்டி வந்திருந்தது. சுசூகி கம்பெனி 1982-ல் அதைக் கொண்டுவந்தது. நாலு சக்கரம் என்றால் கவிழாது என்று ஜனங்கள் நம்பினார்கள்.

அதுவும் கவிழ்ந்தது!

250 கிலோ, 350 கிலோ எடையுள்ள வண்டி. அகலம் குறைவு, உயரம் அதிகம். சரிவில் குறுக்கே போனால் உருண்டுவிடும். உருண்டால் ஆள் மேலேயே விழும். தூக்கிவிட ஆள் இல்லாத இடத்தில், அடியில் கிடந்தே மூச்சு நின்று போனவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலையில் ஆளைக் கொல்லும் இயந்திரங்களில் இதற்கு முதல் வரிசையில் இடம். அந்த நாட்டு அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 11-10-2021 முதல், பண்ணை வேலைக்கு விற்கும் ஒவ்வொரு புது வண்டியிலும் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்க வேண்டும் என்றது. வண்டி உருண்டாலும் ஆள் நசுங்காமல் அது தாங்கும். ஹோண்டா, யமஹா கம்பெனிகள் அதை ஏற்கவில்லை. அங்கு இந்த வண்டி விற்பதையே விட்டுவிட்டன.

பைக் ஓட்டத் தெரிந்தவரே, உஷார்!

"நான் பத்து வருஷமாக பைக் ஓட்டுகிறேன். இது என்ன பிரமாதம்?" என்று கேட்பவர்கள்தான் முதலில் தடுமாறுகிறார்கள். காரணம் இருக்கிறது.

பைக் சாய்ந்தால் நாம் என்ன செய்வோம்? காலை ஊன்றுவோம். யோசித்துச் செய்வதில்லை, கால் தானாகப் போய் ஊன்றும். இந்த வண்டியில் காலை ஊன்றினால், பின் சக்கரம் காலின் மேல் ஏறிவிடும்! கால் எப்போதும் மிதியின் மேலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது ஆக்சிலேட்டர். பைக்கில் கைப்பிடியை முறுக்குவோம். இதில் வலது கைக் கட்டை விரலால் ஒரு நெம்பை அழுத்த வேண்டும். பயந்துபோய் கைப்பிடியை இறுகப் பிடித்தால், விரலும் சேர்ந்து அழுத்தும். வண்டி நிற்பதற்குப் பதில் பாயும்.

திருப்பமும் வேறு மாதிரி. மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரமும் தனித்தனியே சுற்றும். திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும், வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் ஓடும். இந்த வண்டிகள் பலவற்றில் பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியவை. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆகவே ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேரே போகத்தான் பார்க்கும். ஓட்டுபவர் திரும்பும் பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும். ஏற்றத்தில் முன்னே குனிய வேண்டும். இறக்கத்தில் பின்னே நகர வேண்டும். சும்மா உட்கார்ந்து ஓட்டும் வண்டி அல்ல இது. உடம்பாலும் ஓட்ட வேண்டும்.

அதனால்தான் பெரும்பாலான வண்டிகள் ஒருவர் மட்டும் ஏறுவதற்கே செய்யப்பட்டவை. பின்னால் இன்னொருவர் உட்கார்ந்தால், ஓட்டுபவர் நகர இடம் இல்லை. ஆனால் நம் ஊரில் நடப்பது என்ன? அப்பா ஓட்ட, பிள்ளை முன்னால், அம்மா பின்னால்! புடவை முந்தானை சக்கரத்தின் பக்கம் பறக்கும். துப்பட்டாவும் அப்படியே. படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும்.

நல்ல வழிகாட்டி எப்படி இருப்பார்? ஏறியவுடன் "போகலாம்" என்று சொல்ல மாட்டார். முதலில் சமதரையில் ஓட்டிக் காட்டுவார். ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். நிறுத்தத் தெரியாதவரைக் கிளம்ப விடமாட்டார். செருப்போடு வந்தவரை ஷூ மாட்டச் சொல்வார். வழியில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகச் சொல்வார், முந்த விடமாட்டார். கடைசி வண்டிக்குப் பின்னாலும் தம் ஆள் ஒருவரை வைத்திருப்பார்.

இன்னொன்று. சவாரிக்கு முன்னால் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும் இடங்கள் உண்டு. பல சமயம் அது இங்கிலீஷில் இருக்கும். "என்ன நேர்ந்தாலும் நானே பொறுப்பு" என்பதுதான் அதன் சாரம். தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எலுமிச்சைத் தோட்டத்தில் ஓடினால்?

சரி, புளியங்குடிப் பக்கம் இந்த சவாரி வந்தால் எப்படி இருக்கும்?

கண்ணுக்கு விருந்துதான். ரோட்டை விட்டு மேற்கே இறங்கினால் எலுமிச்சைத் தோட்டங்கள், தென்னை, கரும்பு, வயல், குளம்; அதற்கு அப்பால் மலை. 'எலுமிச்சை நகரம்' என்றே இந்த ஊருக்குப் பெயர். இங்கிருந்து கேரளாவுக்கு மூட்டை மூட்டையாகக் காய் போகிறது. 2025-ம் ஆண்டில் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த மண்ணில் விளைந்த காய்க்கு மட்டுமே இந்தப் பெயர் உரியது என்று அரசாங்கம் கொடுக்கும் முத்திரை அது.

ஆனால் எலுமிச்சை மரத்தின் வேர் ஆழத்தில் இல்லை. சாறு இழுக்கும் வேர்கள் மேல் மண்ணிலேயே பரவிக் கிடக்கும். அதனால்தான் தோட்டக்காரர் மரத்தடியில் ஆழமாக உழ மாட்டார். அங்கே தினமும் பத்து வண்டி ஓடினால் மண் இறுகிவிடும். வேருக்குக் காற்று போகாது. சொட்டு நீர்க் குழாய் வேறு தரையிலேயே படுத்திருக்கும். வரப்பும் குளத்துக் கரையும் மண்ணால் ஆனவை. வண்டித் தடம் பள்ளமாகும். மழை பெய்தால் அந்தப் பள்ளத்தின் வழியாகவே கரை அரிக்கும்.

வண்டி இல்லாமலேயே என்ன நடக்கிறது என்பதற்கு தென்காசிக்கு அருகில் உள்ள சுந்தரபாண்டியபுரத்தைப் பார்த்தால் போதும். 2005-ல் வந்த 'அந்நியன்' படத்துக்காக அங்கே பாறைகளில் நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். சீசன் சமயத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால், அதையும் பாறையையும் பார்க்கக் கேரளாவிலிருந்தும் கூட்டம் வருகிறது. வரப்பில் நின்று பார்த்தால் தொல்லை இல்லை. படம் எடுக்கப் பூவுக்குள்ளேயே புகுந்துவிடுகிறார்கள். மிதிபட்ட செடி நிமிராது. நஷ்டம் யாருக்கு? விதை வாங்கிப் போட்டவருக்கு!

வடக்கே புளியங்குடி மலையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அந்தக் காடு 2015-ல் அமைந்த நெல்லை வன உயிரின சரணாலயத்தைச் சேர்ந்தது. அனுமதி இல்லாமல் அதற்குள் வண்டி ஓட்டுவது குற்றம். மலையடிவாரத் தோட்டங்களுக்கு யானை வரும், காட்டுப்பன்றி வரும். அந்தி சாய்ந்த பிறகு 'டபடப' என்று சத்தம் போட்டுக்கொண்டு யானை எதிரில் போய் நிற்பது வீரம் அல்ல. எந்த வழியில் யானை வரும், எந்தக் கிணற்றுக்குச் சுவர் கிடையாது, எந்தத் தோட்டக்காரர் "வாங்க" என்பார், எவர் கம்பை எடுப்பார் என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். வழிகாட்டி உள்ளூர் ஆளாக இல்லாவிட்டால், வண்டி எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தும் பயன் இல்லை.

பழக்கம் இல்லாத இடத்தில் ஆபத்து சொல்லிக்கொண்டு வருவதில்லை. 17-5-2024 அன்று பழைய குற்றாலத்தில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கியது. 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மலைப்பக்கத்து ஓடைகளும் அப்படித்தான். காலையில் சக்கரம் நனையாமல் கடந்த ஓடை, மாலையில் வண்டியையே புரட்டும்.

ரோட்டில் ஓட்டலாமா?

கூடாது. இந்தியாவில் சாதாரண ஏ.டி.வி.க்கு ரோட்டில் ஓடப் பதிவு எண் கிடைக்காது. தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் சம்மதத்தோடு ஓட்ட வேண்டியதுதான். மதுரை ரோட்டில் ஏற்றினால் போலீசார் பிடிப்பார்கள்.

இதற்கும் ஒரு வழி கண்டார்கள். அமெரிக்காவின் போலாரிஸ் கம்பெனி 2011-ல் இந்தியாவுக்கு வந்தது. டிராக்டர் என்று பதிவு செய்து ரோட்டிலும் ஓட்டக்கூடிய ஒரு வண்டியை 2020 வாக்கில் கொண்டுவந்தது. விவசாயிக்கு உதவும் என்றார்கள். பார்த்தால் அதே நாலு குண்டு டயர்தான். விலை ஏறக்குறைய 8 லட்சம் ரூபாய்!

புளியங்குடித் தோட்டக்காரர் அதை வாங்க ஓடவில்லை. அவரிடம் வேறு வண்டி இருக்கிறது. 1980-ல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50-ன் வம்சம் அது. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை எலுமிச்சை. ஒரு சாண் வரப்பிலும் அது போகும். அதை ஓட்டத் தெரிந்தவர், அவசரம் என்றால் காலையும் ஊன்றிக்கொள்கிறார்.