உள்ளங்கையில் ஒரு மலை

சஞ்சீவி மலையை ஒரு கையில் ஏந்தி வான்வழியே வந்த அனுமனின் கதையை அறியாத குழந்தை நம் இல்லங்களில் இல்லை. புசல்லாவையிலிருந்து நுவரெலியா செல்லும் பாதையில், றம்பொடையில் அமைந்துள்ள பக்த அனுமான் ஆலயத்துக்குச் செல்வோர் அக்கதையை நினையாது திரும்புவதில்லை. மலையைத் தூக்க அனுமனுக்குப் பெருவலி வேண்டியிருந்தது. விடுமுறைப் பயணம் செல்லும் நம் பிள்ளைகளுக்கோ ஒரு கைத்தொலைபேசியும், சற்றுத் தள்ளி நிற்க ஒரு நண்பனும் போதும். உள்ளங்கையில் மலை, விரல் நுனியில் மனிதன், காலணிக்கடியில் பஸ் வண்டி என்று எடுக்கப்படும் இவ்வேடிக்கைப் படங்கள் எங்ஙனம் அமைகின்றன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கண்ணை ஏய்க்கும் கணக்கு

ஒரு பொருள் எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பது அதன் உயரத்தை மட்டும் பொறுத்ததன்று, தொலைவையும் பொறுத்தது. தொலைவு இருமடங்கானால் தோற்றம் பாதியாகும். ஆறடி உயரமான ஒருவர் கமராவிலிருந்து 24 அடி தள்ளி நிற்கட்டும். அரை அடிப் பொம்மை ஒன்றை 2 அடித் தொலைவில் வையுங்கள். படத்தில் இரண்டும் ஒரே உயரமாக இருக்கும். 87 மீற்றர் உயரமான கொத்மலை அணைக்கட்டும் இக்கணக்குக்குத் தப்பாது. 870 மீற்றர் தொலைவில் நின்று, கண்ணிலிருந்து 60 சென்ரிமீற்றர் தள்ளி விரல்களை விரித்துப் பிடித்தால், 6 சென்ரிமீற்றர் இடைவெளிக்குள் அதன் உயரம் அடங்கிவிடும்.

நேரில் காணும்போது நாம் எளிதில் ஏமாறுவதில்லை. நம் இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைக் காண்கின்றன. மூளை அவற்றை ஒப்பிட்டு அருகிலுள்ளதையும் தொலைவிலுள்ளதையும் பிரித்தறிகிறது. கமராவுக்கு உள்ளதோ ஒற்றைக் கண்.

எனினும் படத்திலும் தொலைவைக் காட்டிக் கொடுக்கும் சாட்சிகள் பல உண்டு. இடையில் நிற்கும் மரம், குறுகிக்கொண்டே செல்லும் பாதை, சிறுத்துக்கொண்டே போகும் தேயிலை நிரைகள் யாவும் உண்மையைச் சொல்லிவிடும். இச்சாட்சிகள் இல்லாத இடமே இவ்வித்தைக்கு உகந்தது. தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டின் ஊயுனி உப்புவெளி அத்தகையது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,650 மீற்றர் உயரத்தில், 10,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்து கிடக்கிறது அவ்வெளி. நம் தீவின் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு எனலாம். அதன் மேடுபள்ளம் ஒரு மீற்றரளவே ஆதலால், செய்மதிகளின் உயரமளக்கும் கருவிகளைச் சரிபார்க்கவும் அது பயன்படுகிறது. எங்கும் ஒரே வெண்மை. அளவு காட்ட ஒரு புல்லும் இல்லை. அங்கே செல்வோர் விளையாட்டுப் பொம்மையான பழங்கால விலங்கொன்றைக் கமராவின் முன் வைத்து, தாம் தொலைவில் ஓடி, அவ்விலங்கு தம்மைத் துரத்துவதாகப் படமெடுத்து மகிழ்கின்றனர்.

பள்ளத்தாக்கும் மூடுபனியும்

மலைகளுக்கிடையே வாழும் நமக்குச் சமவெளி ஏது என்று புசல்லாவைப் பிள்ளைகள் கேட்கலாம். உண்மையில் வேண்டுவது சமவெளி அன்று. இடையிலுள்ள நிலம் கண்ணுக்கு மறைவதே வேண்டும். பாதையோரத்தில் நிற்கும் தம்பிக்கும் எதிர்மலைக்கும் இடையே பள்ளத்தாக்கு தாழ்ந்து கிடந்தால், நடுவிலுள்ள தொலைவு முழுவதும் படத்திலிருந்து நழுவிவிடும். மூடுபனி பள்ளத்தை நிரப்பும் காலையில் நமக்கும் ஒரு வெண்வெளி கிடைக்கிறது. மழை ஓய்ந்து காற்றுத் தெளிந்த மாலையிலோ தூரத்து மலை நம்மை நெருங்கி வந்தாற்போல் தோன்றும். அதனை உள்ளங்கையில் ஏந்த அதுவே நல்ல வேளை.

ஆட்களை வைத்து எடுப்பதற்குப் பாடசாலை மைதானம் போதும். நின்றபடி எடுத்தால் தூரத்தில் நிற்பவரின் பாதம் மேலே தெரிந்து வித்தை வெளிப்பட்டுவிடும். கமராவை நிலத்தோடு ஒட்டித் தாழ்த்தினால் இருவர் பாதங்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமையும். பின்னணியை மங்கலாக்கும் வசதி கைத்தொலைபேசியில் இருப்பின் அதனை நிறுத்திவிட வேண்டும். அருகும் தொலைவும் ஒருங்கே தெளிவாயிருந்தாலன்றிக் கண் ஏமாறாது.

வேடிக்கைக்கும் எல்லையுண்டு. வளைவுகள் நிறைந்த நம் பாதைகளில், படத்தின் பொருட்டுப் பின்னோக்கி நடப்பது உயிருக்கே ஆபத்தாகும். வழிபாட்டுக்குரிய உருவங்களை விளையாட்டுப் பொருளாக்குதலும் தகாது. புத்தர் சிலையுடன் அவமதிப்பாகப் படமெடுத்தமைக்காக 2012ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுப் பயணிகள் மூவருக்கு நம் நாட்டு நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

பெரியது எது?

இவ்விளையாட்டு மாணவர்க்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. படத்தில் எவர் பெரியவர், எவர் சிறியவர் என்பதைப் படமெடுப்பவர் நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. மலையகத்தைக் காட்டும் அஞ்சலட்டைகளைப் பாருங்கள். பலவற்றில் மலை வானளாவ நிற்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்களோ பச்சைப் பரப்பில் வண்ணப் புள்ளிகளாகத் தெரிகின்றனர். அதுவும் ஒருவர் தேர்ந்து நின்ற இடத்தின் விளைவேயன்றி, மலையகத்தின் முழு உண்மை அன்று. உலகப் புகழ்பெற்ற படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பெற்றார். மனித முகங்களை அருகிலிருந்து எடுத்த படங்களே அவருக்குப் புகழ் தேடித் தந்தன. இலங்கையில் அவருடைய கமராவின் முன் நின்றோருள் தோட்டத் தொழிலாளரும் இருந்தனர்.

ஆதலின் மாணவச் செல்வங்களே! அடுத்த விடுமுறையில் மலையை ஏந்தியும் நண்பனை விரலில் நிறுத்தியும் பத்துப் படங்கள் எடுத்து மகிழுங்கள். பதினோராவதாக, வேலை முடிந்து கொழுந்துக் கூடையுடன் வரும் உங்கள் அன்னையை, அவர் இசைவுடன், கமராவுக்கு அருகே நிறுத்துங்கள். எதிர்மலை அவர் தோளுக்குக் கீழே நிற்கட்டும். அப்படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி வையுங்கள்.