வேலை தரும் நிறுவனத்தை எடைபோட மண்ணும் நீரும்

வேலை தர முன்வரும் நிறுவனத்தின் உள்நிலவரத்தை இறுதியாண்டு மாணவர் முன்கூட்டியே அறிய இயலாது என்பதால், வெளியே தெரியும் அதன் செயல்களைக் கொண்டே அதை எடைபோடுகிறார். கண்ணுக்குத் தெரியாத தகுதியை வெளிப்படையான செயலால் உணர்த்துவதைப் பொருளியலில் 'குறிப்புணர்த்தல்' என்பர். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல், வேலை தேடுவோர் கல்வித் தகுதியால் தம் திறனை உணர்த்துவதை இக்கருத்தைக் கொண்டு விளக்கினார். டர்பன், கிரீனிங் என்னும் ஆய்வாளர்கள் 1997-இல் அதையே திருப்பிப் போட்டு, சமூகத்தையும் சுற்றுச்சூழலையும் நிறுவனம் நடத்தும் முறை, வேலை தேடுவோருக்கு அது காட்டும் குறிப்பாகிறது என்றனர். இவற்றை நன்கு பேணும் நிறுவனத்தின்பால் வேலை தேடுவோருக்கு ஏற்படும் ஈர்ப்புக்கான காரணங்களை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வொன்று, அங்கே பணியாற்றுவதால் கிடைக்கக்கூடிய பெருமிதம், விழுமியங்களின் பொருத்தம், ஊழியரையும் நன்றாக நடத்துவார்கள் என்ற எதிர்பார்ப்பு ஆகிய மூன்றைக் கண்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வேலைக்குச் செல்பவருக்கு மூன்றாவது காரணமே மிகவும் முக்கியமாகலாம்.

பிரான்சில் 2018-இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், சூழலைக் கெடுக்கும் நிறுவனங்களில் பணியாற்றுவதில் பொருளில்லை என்னும் அறிக்கையில் கையெழுத்திட்டனர். கல்விக் கடனோடு படிப்பை முடிக்கும் திருவண்ணாமலை மாணவர் அவ்வாறு வேலையை மறுப்பது எளிதன்று. ஆயினும் அக்கறை குறைவு என்று அதற்குப் பொருள் கொள்வது பெரும் பிழை, ஏனெனில் இம்மாவட்டத்தில் ஆலை கேட்பது பல நேரங்களில் மாணவரின் குடும்ப நிலத்தையே. செய்யாறு சிப்காட் தொழிற்பூங்காவை விரிவாக்க மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் கையகப்படுத்தும் திட்டத்தை எதிர்த்து மேல்மா சுற்றுவட்டார உழவர்கள் 2023-இல் போராடியபோது, அவர்களில் எழுவர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்து, எழுந்த எதிர்ப்புக்குப் பின் ஆறு பேர் மீதான நடவடிக்கையை அரசு கைவிட்டது. வேலையும் வேண்டும், விளைநிலமும் வேண்டும் என்னும் இருதலைத் தவிப்பு அங்கே ஒரே வீட்டுக்குள் இருக்கிறது.

இதற்கு முன்கதையும் உண்டு. 1989 வரை திருவண்ணாமலையை உள்ளடக்கியிருந்த பழைய வட ஆர்க்காட்டில், பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பல்லாயிரம் பேருக்கு வேலை தந்துகொண்டே கிணற்று நீரையும் கெடுத்தன. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தும், அவ்விழப்பீட்டுக்காக 2025-இலும் அது ஆணையிட வேண்டியிருந்தது.

ஆகவே, வளாக நேர்காணலில் காட்டப்படும் மரக்கன்று நடும் படங்களைவிட, சரிபார்க்கத்தக்க கணக்கே மாணவருக்குப் பயன்படும். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களிலுள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை குறித்த அறிக்கையை ஆண்டுதோறும் தர வேண்டும் எனப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கியுள்ளது. எவரும் படிக்கக்கூடிய அவ்வறிக்கையின், சுற்றுச்சூழல் பற்றிய ஆறாம் கோட்பாட்டுப் பகுதியில், நிலத்தடியிலிருந்தும் பிற மூலங்களிலிருந்தும் எடுத்த நீர், வெளியேற்றிய கழிவுநீர், திடக்கழிவு ஆகியவற்றின் அளவைக் காணலாம். பட்டியலிடப்படாத ஆலைகள் இக்கடமைக்கு வெளியே நிற்பது பெருங்குறை. மாணவர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் அதே அறிக்கையின் முற்பகுதியில் இருக்கிறது: ஆண்டுதோறும் நிரந்தரப் பணியாளர்களில் எத்தனை விழுக்காட்டினர் வேலையை விட்டு விலகுகின்றனர் என்பது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அங்கு தரப்படுகிறது.