போனிலிருந்து ஒரு பிரிண்ட்: இடையில் யார் யார் இருக்கிறார்கள்?

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலை எந்த நிறுவனத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள், தேவைப்பட்டால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுங்கள், இன்டர்நெட் சென்டர் கணினியில் இ-ஆதாரை இறக்கினால் வேலை முடிந்ததும் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடுங்கள் என்றது அது. ஏற்கெனவே ஊரெல்லாம் நகல் கொடுத்து வைத்திருந்த மக்கள் பதறினார்கள். மே 29 அன்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றது. வழக்கமான எச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதும் என்றும் சொன்னது. என் கருத்தில், பெங்களூரு அலுவலகம் சொன்னதுதான் சரி. மறைப்பு ஆதார் வசதியை யாரும் எடுத்துவிடவில்லை, மைஆதார் தளத்தில் இன்றும் கிடைக்கிறது.

இன்டர்நெட் சென்டர் இருந்த இடத்தில் இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது. பெங்களூரின் பி.டி.எம். லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடியில் ஒரு போன் நம்பர் ஒட்டியிருக்கும். அதற்கு ஃபைலை அனுப்பினால் பிரிண்ட் வரும். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பான், பாஸ்போர்ட் எல்லாம் அந்த ஒரே நம்பருக்குத்தான் போகின்றன. காகிதத்தை வாங்கிக்கொண்டு நாம் கிளம்பிவிடுகிறோம், ஃபைல் அங்கேயே இருக்கிறது. இ-ஆதாருக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைக்கலாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்தப் பாஸ்வேர்டு என்பது கடைக்காரருக்கு மனப்பாடம். வாட்ஸ்அப்பில் 'எல்லோருக்கும் அழி' என்பதை இரண்டரை நாள்வரை பயன்படுத்தலாம். ஆனால் கணினியில் ஏற்கெனவே இறங்கிவிட்ட பிரதியை அது தொடாது.

கடைக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு அந்த ஃபைல்களை அழிக்க நேரமில்லை, அவ்வளவுதான். சட்டமும் இன்னும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. தரவை வைத்திருப்பவர்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரை கேட்டு அழிக்கவைப்பதுதான் வழி. பிரிண்ட் கையில் வந்ததும், கணினியில் இறங்கிய பிரதியையும் சேர்த்து, கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு வைஃபை பிரிண்டர் இருந்தால் இந்தக் கவலையில் பெரும்பகுதி குறைகிறது. ஐபோனில் 2010 முதல் ஏர்பிரிண்ட் இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் சில வருடங்களாகப் பிரிண்ட் சேவை போனோடு சேர்ந்தே வருகிறது. நிறுவனத்தின் ஆப் இல்லாமலே அச்சிட முடியும். போனும் பிரிண்டரும் ஒரே வைஃபையில் இருந்தால், 'இங்கே பிரிண்டர் இருக்கிறதா' என்று போன் கேட்கும், பிரிண்டர் பதில் சொல்லும், ஃபைல் ரவுட்டர் வழியாக நேரே போய்விடும். அது வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. வழக்கமான தகராறு ஒன்றே ஒன்று: மலிவான பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் அந்த அலைவரிசையை அணைத்து வைத்திருந்தால் பிரிண்டர் இணையவே இணையாது.

பி.ஜி.யில் தங்கியிருப்பவர்கள் நிலைமை வேறு. முப்பது பேர் பகிரும் வைஃபையில் உங்கள் பிரிண்டரை இணைத்தால் அது முப்பது பேரின் பிரிண்டர். சில இடங்களில் ரவுட்டர் ஒரு கருவியை இன்னொன்று பார்க்கவிடாது, அங்கே பிரிண்டே ஆகாது. இரண்டுக்கும் எளிய தீர்வு, ஒரு யூ.எஸ்.பி. கேபிளும் ஓ.டி.ஜி. இணைப்பியும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். 'டைரக்ட்' என்று தொடங்கி ஒரு பிரிண்டர் மாடலின் பெயரோடு முடிகிற வரி ஒன்றாவது தென்படலாம். ரவுட்டர் இல்லாமல் அச்சிடுவதற்காகப் பிரிண்டர் தானே பரப்பும் வைஃபை அது. சில மாடல்களில் அதன் பாஸ்வேர்டு ஒன்றிலிருந்து எட்டுவரை வரிசையாக எண்கள்! தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள், தேவை என்றால் மாற்றிவிடுங்கள். பிரிண்டருக்கென்று ஒரு நிர்வாகப் பாஸ்வேர்டும் உண்டு. அதையும் மாற்ற வேண்டும். 2025இல் ராபிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம், பிரதர் நிறுவனத்தின் 689 மாடல்களில் இருந்த ஓட்டைகளை வெளியிட்டது. அவற்றில் மோசமானது, சீரியல் நம்பர் தெரிந்தால் தொழிற்சாலை வைத்த நிர்வாகப் பாஸ்வேர்டைக் கணக்கிட்டுவிடலாம் என்பது. ஏற்கெனவே விற்றுப்போன பிரிண்டர்களில் இதை அப்டேட்டால் முழுமையாகச் சரிசெய்ய முடியாது, பாஸ்வேர்டை மாற்றுவதுதான் தீர்வு என்று நிறுவனமே சொன்னது.

வீட்டுப் பிரிண்டரை யார் தேடி வரப்போகிறார்கள் என்று கேட்கலாம். 2018 இறுதியில் ஒருவர், இணையத்தில் திறந்து கிடந்த சுமார் 50,000 பிரிண்டர்களில், ஒரு யூடியூபருக்கு ஆதரவு கேட்கும் துண்டுச்சீட்டை அச்சடித்துக் காட்டினார். 2020இல் சைபர்நியூஸ் ஆய்வாளர்கள் ஏறக்குறைய 28,000 பிரிண்டர்களில் பாதுகாப்புக் குறிப்பையே அச்சடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பிரிண்டர்களின் உரிமையாளர்களை அவர்கள் யாருக்கும் தெரியாது, திறந்திருந்தது, நுழைந்தார்கள். ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்து பிரிண்டரை வெளியுலகுக்குத் திறந்துவிடாதவரை இந்த வகை ஆபத்து பெரும்பாலும் உங்களை எட்டாது. மின்னஞ்சல் அனுப்பினால் அச்சிடும் வசதியைப் பயன்படுத்துபவர்கள், தாங்கள் அனுமதித்த முகவரிகளிலிருந்து மட்டும் ஏற்கும்படி அதை அமைத்துக்கொள்ள வேண்டும். பழைய பிரிண்டரை விற்கும் முன் 'ஃபேக்டரி ரீசெட்' செய்யாவிட்டால், வீட்டு வைஃபை பாஸ்வேர்டும் சேர்ந்தே விலைபோகும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது போலி உதவி எண்தான். பிரிண்டர் இணையவில்லை என்றதும் கூகுளில் தேடுகிறோம். முதலில் வரும் விளம்பரத்தில் நிறுவனத்தின் லோகோவோடு ஒரு தளம், ஒரு நம்பர். அழைத்தால் பணிவாகப் பேசுவார்கள். எனிடெஸ்க் போன்ற ஆப்பை இறக்கச் சொல்வார்கள். பதிவுக் கட்டணம் என்று பத்து ரூபாய் அனுப்பச் சொல்வார்கள். அந்தப் பத்து ரூபாய்க்கு நீங்கள் தட்டும் யு.பி.ஐ. பின் அவர்களுக்கும் தெரிந்துவிடக்கூடும். எனிடெஸ்க் வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. உதவி எண்ணைப் பிரிண்டர் பெட்டியிலிருந்தோ வாரண்டி அட்டையிலிருந்தோ மட்டும் எடுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930ஐ அழைக்க வேண்டும், அல்லது தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதிய வேண்டும். பெங்களூரில் சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கான 'சென்' காவல் நிலையங்கள் உள்ளன. அதோடு நின்றுவிடாமல் வங்கிக்கும் தகவல் கொடுங்கள், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கியோ நீங்களோ தவறு செய்யாமல் வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதல்ல. பின்னை நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும்வரை போனது உங்கள் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் செலவு.

இனி இங்க் விவகாரம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ரீஃபில் செய்த காட்ரிட்ஜ் நேற்றுவரை ஓடியது, ஓர் அப்டேட்டுக்குப் பின் 'ஏற்க இயலாது' என்கிறது. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டிலேயே வேற்று காட்ரிட்ஜைத் தடுக்கும் பூட்டையும் சில நிறுவனங்கள் வைத்து அனுப்புகின்றன. அப்டேட் செய்தால் இங்க் போச்சு, செய்யாவிட்டால் பாதுகாப்பு போச்சு. இது வாடிக்கையாளருக்கு இழைக்கும் அநியாயம் என்றே சொல்வேன். இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில், இத்தகைய கட்டுப்பாட்டை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது உட்பட சில காரணங்களுக்காக ஹெச்பிக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. நம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருளைப் பற்றிய விவரங்களைத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. வாங்கும்போதே கேளுங்கள்: வேறு காட்ரிட்ஜ் ஏற்குமா, இணையம் இல்லாமல் அச்சிடுமா? பதிலை பில்லிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்குங்கள்.

பில் தர மறுப்பதே அந்தச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகைக்கு மதிப்பில்லை. ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் குருகிராமில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம். வீட்டிலிருந்து டியூஷன் எடுப்பவர், சொந்தமாகச் சிறு தொழில் செய்து பிழைப்பவர் பிரிண்டர் வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோரே. பில், பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், சர்வீஸ் புகார் எண் ஆகியவற்றோடு, பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இ-ஜாக்ரிதி தளத்திலேயே மனுவைப் பதியலாம். வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய்வரை விலை கொடுத்த பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை.