லேப்டாப்புக்கு மறுவாழ்வு!

"லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது, தள்ளிவிடலாம்" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்! பல சமயம் தாமதத்துக்குக் காரணம் அதன் மூளையல்ல. உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்தான்.

பெரும்பாலான லேப்டாப்களில் அந்தத் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். வேண்டிய தகவல் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரும்வரை மற்றதெல்லாம் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு ஒரு யுக்தி கண்டார்கள். 2010-ல் சீகேட் நிறுவனம் வெளியிட்ட 'மொமென்டஸ் எக்ஸ்.டி.'யில் 500 ஜி.பி. தட்டோடு, சுழற்சியே இல்லாத 4 ஜி.பி. ஃபிளாஷ் நினைவகமும் சேர்ந்திருந்தது. அதிகம் விற்கும் சரக்கை மளிகைக் கடைக்காரர் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதில்லையா? அதுபோல, அடிக்கடி கேட்கும் தகவல்களை அது ஃபிளாஷில் வைத்துக்கொள்ளும். ஆகவே, சில முறை இயக்கிய பிறகே வேகம் தெரியும். புதிதாகக் கேட்பதோ தட்டிலிருந்துதான் வரவேண்டும்!

இன்று முழுக்க ஃபிளாஷாலேயே ஆன எஸ்.எஸ்.டி. இந்தக் கலப்பு டிஸ்க்கையும் மிஞ்சிவிட்டது. இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க் உள்ள லேப்டாப்பில், அதே இடத்திலேயே அதைப் பொருத்தலாம்.

ஆனால், திருப்புளியை எடுக்குமுன் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். வேகம் நாளைக்கும் கிடைக்கும். அழிந்துபோன குடும்பப் படம் திரும்பக் கிடைக்குமா?