75-73: கூடைப்பந்து மேட்சில் ஜெயிக்க வைத்தது யார்? பாயிண்ட் மட்டும் பார்த்தா தெரியாது... பாக்ஸ் ஸ்கோரை படிப்பது எப்படி?

தருமபுரி மாவட்டம் அதியமான்கோட்டையில் இருந்து பெங்களூரு சில மணி நேரப் பயணம்தான். அந்த பெங்களூருவில் 2017 ஜூலை 29ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு இறுதிப் போட்டிகள் நடந்தன. மகளிர் ஆசிய கோப்பை கூடைப்பந்து 'பி' பிரிவில் இந்தியா 75, கஜகஸ்தான் 73. 'ஏ' பிரிவில் ஜப்பான் 74, ஆஸ்திரேலியா 73. ஒரு கோப்பை 2 பாயிண்ட்டில் முடிவானது, இன்னொன்று ஒரே ஒரு பாயிண்ட்டில்.

இப்படி ஒரு மேட்ச் முடிந்ததும் மொபைலில் ஸ்கோரைத் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது, 'யார் அதிக பாயிண்ட் எடுத்தாங்க?' என்பதைத்தான். ஆனால் 2 பாயிண்ட் வித்தியாசம் என்பது ஒரே ஒரு கூடை. எதிரணி தவறவிட்ட பந்தை யாரோ ஒருவர் எம்பிப் பிடித்திருந்தால் அதுவே அந்த வித்தியாசம். அவர் பெயர் அதிக பாயிண்ட் எடுத்தவர்கள் பட்டியலில் இருக்காது. பாக்ஸ் ஸ்கோரில் இருக்கும்.

பாக்ஸ் ஸ்கோர் என்றால் என்ன?

சர்வதேச மேட்சில் இரண்டு தனித்தனி பதிவுகள் உண்டு. ஒன்று, மேஜையில் இருக்கும் ஸ்கோரர் எழுதும் ஸ்கோர்ஷீட். யார் களமிறங்கினார், யார் எத்தனை பாயிண்ட், யாருக்கு எத்தனை ஃபவுல், எப்போது டைம்-அவுட் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். வெற்றி தோல்வியை முடிவு செய்யும் அதிகாரப்பூர்வ ஆவணம் அதுதான்.

இன்னொன்று, புள்ளிவிவரக் குழு கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் பாக்ஸ் ஸ்கோர். ஒருவர் களத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் தட்டுவார். ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், டர்ன்ஓவர், போட்ட ஷாட், தவறிய ஷாட் எல்லாம் இதில் வரும்.

ரீபவுண்ட் என்றால் கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது. நம் கூடைக்குக் கீழே பிடித்தால் டிஃபென்சிவ், எதிரணி கூடைக்குக் கீழே பிடித்தால் அஃபென்சிவ். இரண்டாவது கொஞ்சம் விலை உயர்ந்தது, ஏன்னா அணிக்கு இன்னொரு சான்ஸ் கிடைக்கும், 24 விநாடி கடிகாரமும் 14-க்குத் திரும்பும். அசிஸ்ட், சக வீரர் கூடை போடுவதற்கு நேரடியாக உதவிய பாஸ். டர்ன்ஓவர், ஷாட் அடிக்காமலே பந்தைப் பறிகொடுப்பது.

20 பாயிண்ட் பெருசா, 8 பாயிண்ட் பெருசா?

ஒரு கற்பனைக் கணக்கு. வீரர் 'அ' 20 முறை ஷாட் அடித்து 8 போட்டார், 16 பாயிண்ட். 6 ஃப்ரீ த்ரோவில் 4 போட்டார். மொத்தம் 20 பாயிண்ட். கூடவே 3 ரீபவுண்ட், 1 அசிஸ்ட், 5 டர்ன்ஓவர். வீரர் 'ஆ' 6 ஷாட்டில் 4 போட்டு வெறும் 8 பாயிண்ட். ஆனால் 11 ரீபவுண்ட், 3 அசிஸ்ட், 2 ஸ்டீல், 1 பிளாக், 1 டர்ன்ஓவர்.

சர்வதேச கூடைப்பந்து சம்மேளனத்தின் (ஃபிபா) பாக்ஸ் ஸ்கோரில் 'எஃபிஷியன்சி' என்று ஒரு கட்டம் இருக்கும். கணக்கு எளிது. பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் எல்லாவற்றையும் கூட்டணும். தவறிய ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ, டர்ன்ஓவரைக் கழிக்கணும்.

'அ'வுக்கு 24-ல் இருந்து 19 போகிறது, மீதி 5. 'ஆ'வுக்கு 25-ல் இருந்து 3 போகிறது, மீதி 22. தலைப்புச் செய்தியில் வருவது 'அ'. அடுத்த மேட்சுக்கு கோச் முதலில் யோசிப்பது அநேகமாக 'ஆ'.

இதிலும் ஓட்டை உண்டு. எதிரணியின் பெஸ்ட் வீரரை மேட்ச் முழுக்க ஒட்டிக்கொண்டு, அவருக்குப் பந்தே வராமல் பார்த்துக்கொள்பவருக்கு இந்தக் கணக்கில் ஒரு மார்க் கூட கிடையாது. அந்தக் குறையைக் கொஞ்சம் சரிசெய்வதுதான் பிளஸ்-மைனஸ்.

பிளஸ்-மைனஸ் எதற்கு?

ஒரு வீரர் களத்தில் இருந்த நேரத்தில் அவர் அணி எத்தனை பாயிண்ட் எடுத்தது, எத்தனை கொடுத்தது என்பதன் வித்தியாசம் இது. எப்போதும் களத்தில் 5 பேர் இருப்பதால், அணியில் எல்லோருடைய பிளஸ்-மைனஸையும் கூட்டினால் வெற்றி வித்தியாசத்தைப் போல 5 மடங்கு வரும். பெங்களூரு இறுதிப் போட்டியில் 2 பாயிண்ட் வெற்றி, எனவே இந்திய அணியின் மொத்தக் கூட்டல் +10. அதேபோல 40 நிமிட மேட்ச் என்றால் அணியின் மொத்த ஆட்ட நேரம் 200 நிமிடம். 2025 ஆகஸ்ட்டில் ஜெட்டாவில் நடந்த ஆடவர் ஆசிய கோப்பையில், தமிழ்நாட்டைச் சேர்ந்த முயின் பெக் ஹபீஸ் தலைமையிலான இந்தியா, ஜோர்டானிடம் கூடுதல் நேரத்தில் 84-91 என்று தோற்றது. 5 நிமிடம் கூடியதால் அங்கே மொத்தம் 225 நிமிடம், கூட்டல் -35. பாக்ஸ் ஸ்கோர் சரியா இருக்கான்னு நீங்களே செக் பண்ணிக்கலாம்.

ஒரே மேட்ச்சின் பிளஸ்-மைனஸை வைத்து யாரையும் எடை போடக் கூடாது. நல்ல நாலு பேரோடு களத்தில் நின்றாலே அந்த எண் ஏறிவிடும்.

அணியின் கணக்கில் எதைப் பார்ப்பது?

பந்து மாறி மாறி கைக்கு வருவதால் இரண்டு அணிக்கும் கிட்டத்தட்ட சம அளவு வாய்ப்புதான். அதனால் வித்தியாசம் நாலு இடத்தில்தான் வரும் என்று அமெரிக்க ஆய்வாளர் டீன் ஆலிவர் சொன்னார்: ஷாட் துல்லியம், டர்ன்ஓவர், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. முதலிடம் ஷாட் துல்லியத்துக்கு. ஆனால் அந்த சதவீதம் ஏமாற்றும். 10 டூ-பாயிண்ட் ஷாட்டில் 5 போட்டால் 50 சதவீதம், 10 பாயிண்ட். 10 த்ரீ-பாயிண்ட் ஷாட்டில் 4 போட்டால் 40 சதவீதம், ஆனால் 12 பாயிண்ட்!

குறைந்த ஸ்கோர் என்றால் மோசமான ஆட்டம் என்பதும் தப்பு. 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில், சொந்த மண்ணில் ஆடிய சீனாவை இந்திய ஆடவர் அணி 65-58 என வீழ்த்தியது. பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ளெமிங். சீனாவை 58-ல் நிறுத்தியதால் 65 போதுமானதாக இருந்தது.

உள்ளூர் மைதானத்தில் என்ன ஆகிறது?

அதியமான்கோட்டை மாதிரி ஊர்களில் இருந்து மாவட்ட அளவில் ஆடப் போகும் ஒரு மாணவிக்கு பாக்ஸ் ஸ்கோர் கிடைக்காது. பள்ளி மேட்சுகளில் பெரும்பாலும் ஸ்கோர்ஷீட் மட்டும்தான். 8 பாயிண்ட், 11 ரீபவுண்ட் எடுத்து, எதிரணியின் நட்சத்திர வீராங்கனையை முடக்கியவர் என்று வைத்துக்கொள்வோம். மேட்ச் முடிந்ததும் பேப்பரில் அவர் பெயருக்கு நேரே இருப்பது 8 பாயிண்ட்டும், தடுப்பாட்டத்தில் வாங்கிய 4 ஃபவுலும். அவர் செய்த நல்ல வேலைக்குப் பதிவே இல்லை, அதற்குக் கொடுத்த விலைக்கு மட்டும் பதிவு இருக்கிறது. மேட்ச்சை நேரில் பார்க்காத ஒரு தேர்வாளருக்கு அவர் 'சுமாரான பிளேயர், ஃபவுல் ஜாஸ்தி'.

இதைச் சரிசெய்ய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். பெஞ்சில் இருக்கும் ஒரு சப்ஸ்டிட்யூட், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். ஒவ்வொரு ஜெர்சி நம்பருக்கு நேரே அஃபென்சிவ் ரீபவுண்ட், டிஃபென்சிவ் ரீபவுண்ட், ஸ்டீல், டர்ன்ஓவர், தவறிய ஷாட் என்று 5 கட்டம் போட்டு, நடக்க நடக்க ஒரு கோடு போட்டுக்கொண்டே வரலாம். அசிஸ்ட்டை முதலில் விட்டுவிடலாம். எந்த பாஸ் அசிஸ்ட், எது இல்லை என்பதில் பழகியவர்களுக்கே கருத்து வேறுபாடு வரும்.