வயதுச் சரிபார்ப்புச் சேவை: வாங்குமுன் எடை போடுங்கள்

18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவர் சிறுவரல்ல என நிரூபிக்கும் பொறுப்பும் 2004ஆம் ஆண்டு விதிப்படி விற்றவருக்கே. இணையத்தில் ஆர்டர் எடுப்பவர்கள், வயதைச் சரிபார்த்துத் தரும் நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: வயதை எப்படி அறிகிறீர்கள்? பிறந்த தேதியை வாடிக்கையாளரே நிரப்புவது சோதனை ஆகாது. முகம் பார்த்துச் சொல்வது மதிப்பீடே. 17, 18 வயதில் தடுமாறும்.

இரண்டு: உங்களைச் சோதித்தவர் யார்? அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட், 2024இல் ஆறு மென்பொருள்களைச் சோதித்தது. எல்லா வகையிலும் சிறந்ததென எதுவும் தேறவில்லை.

மூன்று: அடையாள அட்டைப் படத்தை எப்போது அழிப்பீர்கள்? 2025இல் டிஸ்கார்ட் நிறுவனத்தின் ஒப்பந்ததாரர் வழியே சுமார் 70,000 பேரின் அட்டைப் படங்கள் கசிந்தன.

பதிலை எழுத்தில் தராதவரிடம் கொள்முதல் வேண்டாம். வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரரே.